மூன்றாம் கிணற்றுத் தண்ணீர்

மாதத்தின் முதல் புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, குடிநீர் ஆய்வுக்கூடத்திலிருந்து பெரியவர் வீட்டுக்கு ஆள் வருவது இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஊரைத் தண்ணீர்க் கணக்குக்காக ஏழு வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு குழாய். அந்தக் குழாயில் பிடிக்கிற தண்ணீரைச் சோதித்து வருகிற எண்தான் அந்த வட்டத்தின் எண். அதுவே அலுவலக வாசல் பலகையில் ஒட்டப்படும். ஐந்தாம் வட்டத்துக்கு அந்தக் குழாய் பெரியவர் வீட்டுச் சமையலறைக் குழாய். ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த காலத்தில், எந்த வீட்டிலும் கதவு திறக்க மாட்டேன் என்கிறார்கள் என்று மாதிரி எடுப்பவர்கள் புலம்பியபோது, "என் வீட்டுக் கதவு திறந்திருக்கும், அங்கேயே எடுங்கள்" என்று அவர்தான் சொன்னார். ஓய்வு பெற்று நாலரை வருடம் ஆகியும் அந்த ஏற்பாட்டை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவரிடம் வந்து சொல்லும் துணிச்சல் யாருக்கும் இருந்திராது.

அலுவலகத்தில் அவருக்குப் பின்னால் வழங்கிய பெயர் சொட்டு ஐயா. தண்ணீரின் கடினத்தன்மையை அளக்க, சிவப்பாக நிறமேற்றிய தண்ணீரில் கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு கரைசலைச் சொட்டு சொட்டாக விட வேண்டும். ஏதோ ஒரு சொட்டில் சிவப்பு போய் நீலம் வரும். அந்தச் சொட்டிலேயே நிறுத்த வேண்டும். மற்றவர்கள் இரண்டு மூன்று சொட்டு கூட விட்டுவிட்டுப் பிறகு விழிப்பார்கள். அவர் ஒருநாளும் தாண்டியதில்லை. "உங்களுக்கு அழுகை வந்தாலும் எத்தனை சொட்டுன்னு எண்ணிட்டுத்தான் துடைப்பீங்க" என்று மனைவி கேலி செய்வாள்.

அந்த மனைவி போய் ஏழு வாரம் ஆகிறது. மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். எண்ணுவதற்கு ஒரு சொட்டுகூட அவர் கண்ணில் வரவில்லை. வந்தவர்களைக் கும்பிட்டார், போனவர்களை வாசல் வரை போய் வழியனுப்பினார், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். மனுஷன் கல்லு மாதிரி நிற்கிறார் என்று உறவுக்காரர்கள் பெருமையாகத்தான் பேசிக்கொண்டார்கள். காலையில் எழுந்தார், குளித்தார், வைத்ததைச் சாப்பிட்டார். கொஞ்ச நாளாகக் குளிக்கும்போது சோப்பு நுரைப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. முப்பத்தோரு வருடம் தண்ணீரை அளந்தவருக்கு அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் இல்லாத வீட்டில் எல்லாமே இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார்.

அந்தப் புதன்கிழமை வந்தது வழக்கமாக வரும் ஆய்வக உதவியாளர் அம்மாள். ஐம்பது வயது, மூட்டுவலி, வாய் ஓயாது.

"நல்லா இருக்கீங்களாய்யா?"

"இருக்கேன்."

"அம்மா இருந்தா இந்நேரம் டீ வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுப்படியில் நின்ற மருமகள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

உதவியாளர் அம்மாள் குழாயைத் திறந்து மூன்று நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை மூன்று முறை அலசி, கழுத்து வரை பிடித்து மூடினாள். நாளும் நேரமும் எழுதினாள். பெரியவர் பக்கத்தில் நின்று எப்போதும்போல் எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்த்தார். நடந்தது.

வெள்ளிக்கிழமை குடிநீர் அலுவலகப் பொறியாளரே வீட்டுக்கு வந்தார். நாற்பது வயதுக்காரர், பெரியவரிடம் சேர்ந்து வேலை கற்றவர் என்பதால் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

"ஐயா, போன மாசம் வரைக்கும் உங்க குழாய்ல கடினத்தன்மை நூத்திருபது. ஒரு மாசம் நூத்திப்பதினெட்டு, ஒரு மாசம் நூத்திருபத்திரண்டு. நாலு வருஷமா அசையல. இந்த மாசம் முந்நூத்தி நாப்பத்தாறு."

"மறுபடி பார்த்தீங்களா?"

"மூணு தடவை பார்த்தாச்சு."

பெரியவர் யோசிக்கவே இல்லை. ஐந்தாம் வட்டத்துக்கு மூன்று கிணறுகளிலிருந்து தண்ணீர் வருகிறது. முதல் இரண்டும் பழையவை, நல்ல தண்ணீர். மூன்றாவது புதிது, கொஞ்சம் கடினம். அதை எவ்வளவு கலக்கலாம் என்று எழுதிக் கொடுத்ததே அவர்தான். ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் கையெழுத்திட்ட கடைசி அறிக்கை: மூன்றில் ஒரு பங்கு கலந்தாலும் கடினத்தன்மை நூற்றைம்பதைத் தாண்டாது. அவர் வீட்டுக் குழாயின் எண் நூற்றிருபதிலேயே நின்றதால், தைரியமாக அலுவலகம் பிற்பாடு பாதிப் பங்கு வரை கூட்டியிருந்தது. ஆக, தண்ணீரில் தப்பு இல்லை. எழுதியதற்கு மேல் யாரோ வால்வைத் திறந்திருக்கிறார்கள்.

"பம்ப் ஹவுஸ்ல மூணாம் கிணத்து வால்வைக் கூடத் திறந்திருக்காங்க. வேற வழியே இல்லை" என்றார்.

பொறியாளர் தயங்கினார். "பம்ப் ஹவுஸ்ல பொறுப்பு உங்க மச்சினர்தானே ஐயா. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"ஆமாம். என் சம்சாரத்தோட தம்பி. அதனால என்ன? எழுதுங்க. சொந்தக்காரன்னு நான் யாரையும் மறைச்சதில்லை. இந்த வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாது."

பொறியாளர் எழுதினார். பெரியவர் சொன்னதாகவே எழுதினார். திங்கட்கிழமை மைத்துனனைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த வெள்ளி விசாரணை என்று தாள் போயிற்று.

அன்று சாயங்காலம் மகன் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தான்.

"மாமாவுக்கு இன்னும் அஞ்சு மாசம்தான்பா ரிட்டயர் ஆக. அம்மா போயி ரெண்டு மாசம்கூட ஆகல."

"அஞ்சு மாசமோ அஞ்சு நாளோ, தப்புன்னா தப்பு."

"அவர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா என்ன சொல்லுவான்? அவன் என்னைக்குப் பொறுப்பா இருந்தான்? கல்யாணத்தன்னைக்கே என் செருப்பைப் போட்டுக்கிட்டு சினிமாவுக்குப் போனவன்."

மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் முகத்தைப் பெரியவர் பார்க்கவில்லை. பார்க்கும் பழக்கமும் அவருக்கு இல்லை.

விசாரணையில் தம் வாய்ச்சொல் மட்டும் நிற்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. அலமாரியிலிருந்து பழைய கண்ணாடிக் குழாயையும் குப்பிகளையும் எடுத்தார். செவ்வாய்க்கிழமை சமையலறை மேடையில் வைத்துத் தாமே சோதித்தார். முந்நூற்று நாற்பத்தெட்டு. தெருவின் மறுகோடியிலும் இதே அளவா என்று பார்த்தால் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் மூன்று வீடு தள்ளியிருந்த தையற்காரர் கடைக்குப் போனார். கடைக்குப் பின்னாலேயே வீடு.

"ஐயா நம்ம குழாயில பிடிக்க வந்திருக்கீங்களா?" என்று தையற்காரர் எழுந்து நின்றார். "நம்ம தண்ணிக்கும் ஒரு மரியாதை வந்திருச்சு."

"இந்த மாசம் தண்ணி மாறியிருக்கு. கவனிச்சீங்களா?"

"மாறிருச்சா? எங்களுக்கு ஒண்ணும் மாறலியே."

"சோப்பு நுரைக்குதா?"

தையற்காரர் சிரித்தார். "நுரையா? அதெல்லாம் பார்த்து நாலு வருஷமாச்சுங்க. இங்க வாங்க."

நீராவி இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். அடித்தட்டின் துளைகள் எல்லாம் வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. மேசைக்கு அடியில் இன்னும் மூன்று இஸ்திரிப் பெட்டிகள், அதே கதி.

"வருஷத்துக்கு ஒண்ணு போகுது. மாப்பிள்ளை கோட்டுல வெள்ளை வெள்ளையாத் துப்பி வச்சிருச்சு ஒரு தடவை. அவங்க பேசின பேச்சு இருக்கே. சரி ஆபீசுல போய்ச் சொல்லலாம்னு போனேன். வாசல் பலகையில நூத்திருபதுன்னு போட்டிருக்கு. உங்க வீட்டுத் தண்ணியே நூத்திருபதுன்னா எங்க வீட்டுலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சு, ஆளைக் கூட்டிட்டு வந்து பைப்பை மாத்தினேன். அப்பவும் இப்படித்தான். என் ராசி அப்படின்னு விட்டுட்டேன்."

"நாலு வருஷமாவா?"

"மூணாம் கிணறு போட்டாங்களே, அப்பலேர்ந்து."

பெரியவர் அங்கேயே, துணி வெட்டுகிற மேசையின் ஓரத்தில், ஒரு தம்ளரில் சோதித்தார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பிறகு நீலம். முந்நூற்று ஐம்பத்திரண்டு. தையற்காரர் மனைவி கெட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். உள்ளே விரல் கனத்துக்குப் பாறை மாதிரி படிந்திருந்தது. அது ஒரு மாதத்தில் படிகிற கனம் இல்லை.

வீட்டுக்கு வந்து தம் வீட்டுக் கெட்டிலைத் திறந்து பார்த்தார். ஆறு வருடப் பழசு. அடியில் மெல்லிய வெள்ளைப் பூச்சு, நகத்தால் சுரண்டினால் வந்துவிடும் அளவுக்கு. ஒரே தெரு, ஒரே பைப். தண்ணீர் வாசல் பார்த்து நுழைவதில்லை.

அதற்கு மேல் அவருக்கு வேறு ஆள் சொல்லத் தேவையிருக்கவில்லை. தெருவிலிருந்து பைப் உள்ளே வரும் இடத்திலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அது சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் அறைக்குள் போயிற்று. அந்த அறைக்குள் அவர் எப்போது கடைசியாகப் போனார் என்று நினைவில்லை; அது பெண்கள் புழங்கும் இடம். வாஷிங் மெஷினுக்குப் பின்னால், பழைய படுக்கை விரிப்பால் மூடி, இடுப்புயரத்துக்கு ஒரு உருளை நின்றது. பைப் அதற்குள் போய் வெளியே வந்தது. பக்கத்தில் உப்பு மூட்டை, பாதி. உருளையின் தலையில் ஒரு சின்னத் திருகு இருந்தது. நெயில் பாலிஷால் அதில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தது. மனைவி அந்த நிறம் பூசுவாள்.

தண்ணீரை மென்மையாக்கும் கருவி. உப்புப் போட்டுக்கொண்டே இருந்தால் வேலை செய்யும். போடுவது நின்றால் சில வாரங்களில் நின்றுவிடும்.

அவர் அங்கேயே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தார் போல உட்கார்ந்திருந்தார். கோபம் வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. மெஷினின் மேல் ஒரு ஒற்றைக் காலுறை காய்ந்து கிடந்ததை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா."

"எப்ப வச்சது?"

"நாலு வருஷம் ஆச்சு. நீங்க உங்க சிநேகிதர் வீட்டுக்கு ரெண்டு நாள் போயிருந்தப்ப."

"யார் வச்சா?"

"அத்தைதான் ஆளைக் கூப்பிட்டு வச்சாங்க."

"எதுக்கு?"

மருமகள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். "மூணாம் கிணத்துத் தண்ணி வந்த பதினைஞ்சு நாள்ல அத்தைக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்ட சொன்னாங்க. எண் வரட்டும், அப்புறம் பேசுன்னு சொன்னீங்க. பம்ப் ஹவுஸ் மாமா வந்து, அக்கா, இந்தத் தண்ணி முந்நூறு தாண்டும், அத்தான் எழுதினது தப்பாப் போச்சுன்னு சொன்னாங்க. நான் டீ குடுக்கப் போனப்ப காதுல விழுந்துச்சு. அடுத்த புதன்கிழமை மாதிரி எடுக்க வருவாங்க. அதுக்குள்ள அத்தை இதை வச்சுட்டாங்க."

"இது முழுசா வேலை செஞ்சா எண் பத்து, இருபதுன்னு வரணுமே."

"அதுக்குத்தான் அந்தத் திருகு. கொஞ்சம் தெருத் தண்ணியையும் அப்படியே கலந்து விடும். வச்ச ஆள் முழுசாவே வைங்கம்மான்னான். அத்தை விடல. தண்ணியில நனைச்சுக் கலர் பார்க்கிற காகிதம் வாங்கிட்டு வரச் சொல்லி, நூத்திருபது வர்ற வரைக்கும் திருப்பச் சொன்னாங்க. வந்ததும் கோடு போட்டுட்டாங்க."

பெரியவர் திருகைப் பார்த்தார்.

"உப்பு ஏன் போடல?"

"போன மாசம் போட வந்தேன் மாமா." அவள் குரல் சீராகத்தான் இருந்தது. "மூட்டையை அவங்க மடிச்சு கிளிப் போட்டு வச்சிருந்தாங்க. அதைப் பிரிக்க எனக்குக் கை வரல. நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம்னு விட்டுட்டேன். இப்படி ஆகும்னு தெரியாது."

"அவனுக்குத் தெரியுமா?" என்று மகனைக் குறித்துக் கேட்டார்.

"தெரியாது. அத்தை சத்தியம் வாங்கியிருந்தாங்க."

மனைவிக்கு அவருடைய கடைசி அறிக்கையின் எண் தெரிந்திருக்கிறது. அதை அவர் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்றும் தெரிந்திருக்கிறது. மூன்றாம் கிணற்றை ஒரே நாள் இறைத்துப் பார்த்து எழுதியது அது. ஒரு நாள் இறைத்தால் மேல் தண்ணீர்தான் வரும். வாரக்கணக்கில் இறைக்கும்போது அடியிலிருந்து வேறு தண்ணீர் ஏறி வரும். இதை அவரே கீழே வேலை செய்தவர்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஓய்வு பெறும் அவசரத்தில், கையெழுத்து தம்முடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை மைத்துனன் வீட்டுக்குப் போனார். மைத்துனன் வாசலில் உட்கார்ந்து மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்தான். ஆனால் வாங்க என்று சொல்லவில்லை.

"நீ வால்வைக் கூடத் திறக்கல."

"இல்லை அத்தான். எழுதினதுக்குக் குறைச்சுத்தான் திறந்தேன், நாலு வருஷமாவே. மாட்டினா அதுக்கும் ஒரு தாள் வந்திருக்கும்."

"கருவியைப் பார்த்துட்டேன்."

மைத்துனன் கையைத் துணியில் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். "பார்த்துட்டீங்களா."

"நான் உன்னைச் சொன்னப்ப நீ ஏன் வாய் திறக்கல?"

"என்ன சொல்லச் சொல்றீங்க? எங்க அக்கா திருட்டுத்தனமா மெஷின் வச்சான்னா? அவ சாம்பல் ஆறல, அதுக்குள்ள ஆபீசுல நாலு பேர் உட்கார்ந்து அவளைப் பத்திப் பேசணுமா? அவ கேட்டா, நான் சரின்னேன். அவ இல்லைங்கிறதுக்காக அது இல்லைன்னு ஆகிடுமா?"

"அஞ்சாம் வட்டத்துல அத்தனை ஜனம் அந்தத் தண்ணியைக் குடிக்குது."

"தெரியும். அது எனக்கு உறுத்தாம இல்லை. ரெண்டு தடவை அக்காகிட்ட சண்டை போட்டேன். அவ ஒரே வார்த்தைதான் சொன்னா. முப்பத்தோரு வருஷம் ஒரு சொட்டு தப்பாத மனுஷன்டா, கடைசியில தலை குனிஞ்சு நிக்க நான் பார்க்க மாட்டேன்னா. அதுக்கு மேல நான் என்ன பேச?" துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். "நீங்களும் பேசாதீங்க. விசாரணையில நான் தூங்கிட்டேன், வால்வு திறந்து கிடந்துச்சுன்னு சொல்லிடறேன். எப்படியும் நான் பொறுப்பில்லாதவன்தானே. ஊர் நம்பும்."

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் பெரியவரைத் தைத்தது. தெருப் பக்கம் திரும்பினார்.

"டீ குடிச்சுட்டுப் போங்க அத்தான்."

"வேண்டாம்."

வியாழக்கிழமை மகனிடம் எல்லாவற்றையும் சொன்னார். மகன் எழுந்து துணி துவைக்கும் அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு, "கருவியைக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டா யாருக்கும் தெரியப் போறதில்லைப்பா. அம்மா பண்ணினது உங்களுக்காக. நீங்களே அதைப் போட்டு உடைக்கணுமா?" என்றான்.

"உன் மாமன் பேர் கெடும்."

"அவரே சரிங்கிறாரே."

"அவன் சரின்னா நான் சரின்னு இருந்துட முடியாது. அவனைக் காட்டிக் குடுத்தது நான். அந்தத் தாளில் என் பேச்சு இருக்கு."

இந்தக் குடும்பத்தில் யாரும் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கியதில்லை. அப்பா வாங்கியதில்லை, தாத்தா வாங்கியதில்லை. முதல் ஆளாகத் தாம் வாங்கப் போகிறோம் என்பதை அவர் சாப்பிடும்போதும், செருப்பை வாசலில் நேராக வைக்கும்போதும் நினைத்தார். கனமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். மரத்துப்போக ஊசி போட்ட பல் மாதிரி, இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் தலைமைப் பொறியாளரும் பொறியாளரும் எழுத்தரும் உட்கார்ந்திருந்தார்கள். உதவியாளர் அம்மாள் ஓரத்தில் மாதிரிப் பதிவேட்டோடு இருந்தாள். மைத்துனன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். பெரியவர் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அவர் உட்காரவில்லை.

"இவன் மேல் தப்பில்லை. நான் சொன்னது தவறு. எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

பொறியாளர் புன்னகை செய்தார். "ஐயா, உங்க மனசு புரியுது. குடும்பம்னு வரும்போது..."

"மனசு இல்லை, எண். தையற்காரர் வீட்டுல முந்நூத்தி ஐம்பத்திரண்டு. நாலு வருஷமா அதே அளவு. நம்ம ஆளை அனுப்பிப் பாருங்க. மூணாம் கிணத்தைப் பத்தி நான் குடுத்த அறிக்கை தப்பு. ஒரு நாள் இறைப்புல எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது."

தலைமைப் பொறியாளர் மெதுவாகக் கேட்டார்: "அப்போ நாலு வருஷமா உங்க குழாய்ல நூத்திருபது எப்படி வந்துச்சு?"

"வீட்டுல தண்ணியை மென்மையாக்குற கருவி இருக்கு."

"யார் வச்சது?"

மைத்துனன் தலையைத் தூக்கினான். வாயைத் திறக்கப் போகிறான் என்று பெரியவருக்குத் தெரிந்தது. தெரியாமல் நடந்தது, மனைவி வைத்துவிட்டாள் என்று உண்மையைச் சொன்னால் தம்மேல் ஒரு பிழை மட்டும்தான் நிற்கும். வயதான மனிதர் கணக்கில் தவறினார், அவ்வளவுதான். ஊர் அவருக்காகப் பரிதாபப்படும். ஆனால் எழுத்தர் பேனாவோடு காத்திருந்தார். அடுத்து கேட்கிற கேள்வி மனைவியின் பெயர் என்ன என்பதாக இருக்கும். அந்தப் பெயர் கடைசியாக எழுதப்பட்டது இறப்புச் சான்றிதழில். அதற்குப் பிறகு இன்னொரு காகிதத்தில், மோசடி என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அது ஏறக்கூடாது.

"நான்" என்றார்.

"நீங்களா?"

"நான்தான் வைத்தேன்."

"தெரிஞ்சேவா ஐயா?" என்றார் பொறியாளர்.

"தெரிஞ்சேதான். என் அறிக்கை பொய்யாகக் கூடாதுன்னு வச்சேன். மாதிரி எடுக்க வந்தவங்களுக்குத் தெரியாது. பம்ப் ஹவுஸுக்குத் தெரியாது. வீட்டுல யாருக்கும் தெரியாது."

உதவியாளர் அம்மாள் "ஐயா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாலு வருடமாக அந்த வீட்டுக்குள் வந்து போகிறவள். குழாய்ப் பக்கம் யார் புழங்கினார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவர் அவளைப் பார்த்தார். அவள் பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

எழுத்தர் எழுதியதைப் படித்துக் காட்டினார். ஒரு இடத்தில் "அறியாமல்" என்று இருந்தது; தலைமைப் பொறியாளர் தாமாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். பெரியவர் அதை அடிக்கச் சொன்னார். அடித்தார்கள். கையெழுத்துப் போட்டார். முழுப் பெயரும் தெளிவாகப் போட்டார்.

ஆய்வுக்கூடச் சுவரில் முன்னாள் தலைவர் என்று மாட்டியிருந்த அவர் படத்தை எடுத்துவிடுவார்கள். ஐந்தாம் வட்டத்துக்கு இனி மூன்று குழாய்களில் மாதிரி எடுப்பது என்றும், மூன்றாம் கிணற்றை உடனே மூடுவது என்றும் முடிவாயிற்று. மைத்துனனை அப்போதே வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். அவர் வெளியே வரும்போது யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் எழ ஆரம்பித்து, பக்கத்தில் பார்த்துவிட்டு, உட்கார்ந்துவிட்டார்.

படியிறங்கும்போது மைத்துனன் கூடவே வந்தான்.

"எதுக்கு அத்தான்? என் அக்காவுக்காக நான் பொறுப்பில்லாதவன்னு பேர் வாங்கிக்கிட்டா போதாதா? நீங்க திருடன்னு பேர் வாங்கணுமா?"

"அவ எனக்கு நாலு வருஷம் செஞ்சா."

"அவ இருந்திருந்தா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா."

"ஆக்கட்டும்."

மைத்துனன் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். பெரியவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் அவனோடு பம்ப் ஹவுஸ் வரை நடந்தார். உள்ளே மோட்டார்களின் சத்தம் ஒரே சீராக இருந்தது. மைத்துனன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மூன்றாம் கிணற்று வால்வின் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினான். இறுகிப்போயிருந்தது. ஒரு கட்டத்தில் பெரியவரும் சக்கரத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து திருப்பினார்கள். மைத்துனன் சுவிட்சை அணைத்ததும் மூன்று மோட்டார்களில் ஒன்றின் சத்தம் மெல்ல அடங்கியது.

"தெருக்கோடி வரைக்கும் பழைய கிணத்துத் தண்ணி போய்ச் சேர ரெண்டு நாள் ஆகும்" என்றான் மைத்துனன்.

"ஆகட்டும்."

"உட்காருங்க அத்தான். முகம் ஒரு மாதிரி இருக்கு."

பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தைத் தடவிப் பார்த்தார், காய்ந்துதான் இருந்தது. மைத்துனன் குறிப்பேட்டில் நேரத்தை எழுதிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்தன. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.